நிலைப்படியில் கருப்பாயி

நாய்க்கடியா தாயி? கெண்டைக்கால்லயா? காட்டு. அட, பல்லு லேசாத்தான் பட்டுருக்கு. சோப்புப் போட்டுக் கழுவினியா? கால் மணி நேரம் குழாயில காட்டணும். சுண்ணாம்பு கிண்ணாம்பு தடவிறாத, உள்ள இருக்குற நர்ஸம்மா அந்த வையி வையும். இப்பிடி ஒக்காரு. சீட்டை ஏன் போட்டுக் கசக்குற, இன்னும் பதினஞ்சு பேரு இருக்காங்க நமக்கு முன்னாடி.

எனக்குப் பூனை. இந்தா, கட்டைப் பாத்தியா, முழங்கை வரைக்கும். நாலு பல்லு எறங்கியிருக்கு, நகம் எத்தனைன்னு எண்ணலை. வேத்துப் பூனை இல்லை, நான் வளத்ததுதான். கருப்பாயின்னு பேரு. ஒம்பது வருசமா என் கையால திங்கிறவ. அவளைக் குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு பூனை கட்டிப் பெரளும்போது நடுவுல கையை விட்டா, அது யாரு கைன்னு பாக்காது. தெரிஞ்சேதான் விட்டேன்.

அந்தப் போலீஸ்காரம்மாவைப் பாத்துப் பாத்துத் திரும்பாத. அது எனக்காக நிக்கலை. மேல தீக்காய வார்டுல எம் மருமக கெடக்கா. சுடுதண்ணி பட்டுருச்சு, இன்னிக்குக் காலையில. கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள்ள பொண்ணுக்கு ஒண்ணுன்னா ஜட்ஜய்யாவே நேர்ல வந்து அவ வாயால சொல்றதை எழுதிக்கிருவாராம். இப்ப மேலதான் இருக்காரு. அவ என்ன சொல்றாளோ அதுதான் எழுத்து. பூனைக்கு ஊத்துன தண்ணி தவறி எம்மேல பட்டுருச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் ஊசியைப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போயிருவேன். மாத்திச் சொன்னா இந்த அம்பத்தஞ்சு வயசுல ஜெயிலு. அவ நல்ல பிள்ளைதான். சொல்லுவா. சொல்லணும்ல?

நீயும் கேட்டுச் சொல்லு, எம்மேல என்ன தப்புன்னு.

பேச்சியம்மா இட்லிக்கடைன்னா எங்க பக்கம் தெரியாத ஆளில்லை. வீட்டு முன்கட்டுலதான் கடை. அரிசியும் உளுந்தும் மூட்டை மூட்டையாக் கெடக்குற வீடு, எலிக்குக் கேக்கணுமா. அதுக்குத்தான் கருப்பாயியைக் குட்டியாக் கொண்டாந்து விட்டது. எங்க வீட்டுக்காரரு செத்துப் பதினாறு வருசம். நான், எம் மகன் தனுஷ்கோடி, கருப்பாயி, மூணே உசுரு அந்த வீட்டுல. யாரு எங்க படுப்பாக, யாரு எங்க ஒக்காருவாகன்னு அதது எடத்துல அதது இருந்துச்சு.

போன தை மாசம் அவனுக்குக் கல்யாணம். பொண்ணு பேரு ஜெயசுதா, சுதான்னு கூப்புடுறான். தாயில்லாத பிள்ளை. சீர் சாமானோட ஒரு ஒயர் கூடை வந்துச்சு. பழமா இருக்கும்னு தொறந்தா, பூனை. வெள்ளையில மஞ்சத் திட்டு. சிட்டுன்னு பேராம். "அத்தை, நான் இல்லைன்னா இது சாப்புடாது, வச்சுக்கிரட்டுமா"ன்னு கேட்டா. கூடையைக் கொண்டாந்து வீட்டுக்குள்ள எறக்கிட்டுக் கேக்குறது ஒரு கேள்வியா? இருந்தாலும் சரின்னேன். வேணாம்னு சொல்லலை. அதை மறந்துறாத.

எங்கள்ல ஒரு வழக்கமிருக்கு. புதுப்பூனை வீடு தங்கணும்னா அடுப்பை மூணு சுத்து சுத்திக் காட்டணும். பெறகு பழைய பூனை திங்கிற தட்டுலயே ரெண்டையும் ஒண்ணா வாய் வைக்க விடணும். பொண்ணு மாப்பிளைக்கு ஒரே எலையில போடுறோம்ல, அது மாதிரி. ஒரு தட்டுல தின்னதுக அடிச்சுக்கிறாதுன்னு ஒரு இது. சுதா வேணாம்னா. "ரெண்டு நாளைக்குத் தனியா ஒரு மூலையில இருக்கட்டுங்கத்தை, வாடை பழகட்டும், பெறகு பாக்க விடலாம்"னா. தாலி ஏறி முழுசா ஒரு நாள் ஆகலை, எனக்குப் பூனை வளக்கச் சொல்லித் தாரா! நான் கூடைக்குள்ள கையை விட்டு, பிடரியைப் பிடிச்சுத் தூக்கி, மூணு சுத்து சுத்தி, கருப்பாயி தட்டுக்கு முன்னாடி எறக்கி விட்டேன்.

எனக்குப் பூனை மனசு அத்துப்படி. வாயால பேசுற மனுசனைக்கூட நம்ப முடியாது, பூனை ஒடம்பால பேசும், பொய் சொல்லாது. கருப்பாயி அப்ப அரிசி மூட்டை மேல இருந்தா. எறங்கி வந்தா பாரு. ஓடி வரலை. ஒவ்வொரு காலா எடுத்து வச்சு வாரா. பின்னங்கால் ரெண்டும் வெறைச்சுக்கிட்டு இடுப்பு ஒசந்து நிக்குது, தலை தாழ்ந்து இருக்கு. காதைத் திருப்பிட்டா, பின்பக்கத்து மயிரு எனக்கு நேராத் தெரியுது. பூனை காதோட பின்பக்கம் தெரிஞ்சா ஒதுங்கிரணும் தாயி. வாலு அடியில ரெண்டு விரக்கடை எழும்பி அப்பிடியே கீழ தொங்குது, நுனி மட்டும் துடிக்குது. கண்ணை இமைக்கவே இல்லை.

சிட்டு தரையோட தரையா ஒட்டிருச்சு. காது ரெண்டும் பக்கவாட்டுல மடிஞ்சுருச்சு. வாலை இழுத்து ஒடம்போட சுத்திக்கிருச்சு. கண்ணுமணி விரிஞ்சு கண்ணு முழுக்கக் கருப்பு. ஆனா கருப்பாயியைப் பாக்கலை. செவத்தைப் பாக்குது. ஒதட்டை நக்குது, திரும்பவும் செவத்தைப் பாக்குது. எனக்குச் சண்டை வேணாம், என்னைய விட்டுருங்கிறதுதான் அது. எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். இருந்தாலும் "பெரியவ வந்து நிக்கிறா, மூஞ்சியைத் திருப்புற திமிரைப் பாருடி"ன்னேன். சும்மா ஒரு கேலிக்குச் சொன்னது. அதுக்கு சுதா மொகம் சுண்டிப்போச்சு. கேலி புரியாத பிள்ளை.

கருப்பாயி அடிவயித்துல இருந்து ஒரு சத்தம் கொடுத்தா. பிள்ளை அழுகுற மாதிரி ஆரம்பிச்சு ஏறிக்கிட்டே போகும் அது. போட்டா ஒரு அறை, மூக்குல மூணு கோடு. சிட்டு மல்லாந்துருச்சு. "தோத்துப்போச்சும்மா, பிடிம்மா"ன்னான் எம் மகன். நாய் மல்லாந்தா தோத்ததுன்னு அர்த்தம்டா, பூனை மல்லாந்தா நாலு காலும் சண்டைக்கு வந்துருச்சுன்னு அர்த்தம்னேன். சொல்லி வாயை மூடலை, கருப்பாயி அது மேல பாய்ஞ்சு தொண்டையைக் கவ்வ, சிட்டு பின்னங்கால் ரெண்டையும் குடுத்து வயித்தைப் பிறாண்ட, மயிரு பறக்குது, தட்டு உருளுது, பால்சோறு அம்புட்டும் செவப்பு. சிட்டு வலது காது நுனி போயிருச்சு. சுதா அழுதா. பூனைக்குப் போயி எந்தப் பொண்ணாவது அழுவாளா சொல்லு.

அதுக்குப் பெறகு ஒரு மாசம் சண்டை இல்லை. மெய்யாத்தான் சொல்றேன். கருப்பாயி ஒண்ணுமே பண்ணலை. அடுப்படி நிலைப்படியில ஒக்காந்திருப்பா, அம்புட்டுத்தான். கையை மடக்கி நெஞ்சுக்குக் கீழ வச்சுக்கிட்டு, பாதிக் கண்ணை மூடிக்கிட்டு. அந்த நிலைப்படியைத் தாண்டித்தான் தட்டும் தண்ணியும். சிட்டு தூரத்துல வந்து நிக்கும். கருப்பாயி கண்ணைத் தொறந்து ஒரு பார்வை பாப்பா. சிட்டு திரும்பி மெதுவா நடந்துரும். ஓடாது, ஓடினா வெரட்டுவான்னு அதுக்குத் தெரியும். மத்தியானம் கருப்பாயி மாடிக்குத் தூங்கப் போன பெறகுதான் வந்து திங்கும், அதுவும் ரெண்டு வாய்க்கு ஒருக்கா திரும்பிப் பாத்துக்கிட்டு. எலும்பும் தோலுமாப் போச்சு. "உங்க பூனை என் பூனையைத் திங்க விடமாட்டேங்குது"ன்னா சுதா. ஒக்காந்திருக்குறதுக்குக்கூட எம் பூனைக்கு உரிமை இல்லையா? அடிச்சுச்சா, கடிச்சுச்சா?

நானும் அதே எடத்துலதான் ஒக்காந்து வெங்காயம் அரிவேன். இருபது வருசமா அருவாமனை போடுற எடம் அது. வெளிச்சம் நல்லா விழும். சுதா காப்பி போட வருவா, வந்து நிப்பா. நான் ஒரு வார்த்தை சொன்னது கெடையாது. நிமிந்து பாப்பேன், அம்புட்டுத்தான். அவளே போயிருவா. நான் மத்தியானம் கண்ணசரும்போது அடுப்படியில சட்டி ஏனம் உருட்டுற சத்தம் கேக்கும், போட்டுச் சாப்புடுறா போலன்னு நெனச்சுக்குவேன். எங்க தெருவுல எந்த மாமியா மருமகளைத் திட்டாம இருக்கா? நான் திட்டினதே இல்லை. வேணும்னா அவகிட்டயே கேளு.

ஏன் தள்ளித் தள்ளிப் போற? மருந்து வாடையா? இந்தப் பக்கம் கையை வச்சுக்கிறேன், நீ ஒக்காரு.

பங்குனியில ஒரு நாள். கடை முடிஞ்சு பத்து மணி இருக்கும், பின்கட்டுல இட்லி அவிக்கிற கொப்பரையைக் கழுவிக்கிட்டு இருக்கேன். சிட்டு வருது. வாலை நேரா ஒசத்திக்கிட்டு, நுனியை மட்டும் கொக்கி மாதிரி வளைச்சுக்கிட்டு வருது. அப்பிடி வந்தா என்னன்னு தெரியுமா? ஒறவாடிக்கிரலாம்னு கேட்டு வாரது. அதுக்கு எம்புட்டு மனத்தெம்பு வேணும், அம்புட்டு அடி வாங்குன பெறகு. கருப்பாயி துவைக்கிற கல்லு மேல ஒக்காந்திருந்தா. நான் பாத்துக்கிட்டே இருக்கேன். இப்ப காதைத் திருப்புவா, இப்ப வாலு துடிக்கும்னு. அவ கண்ணை மெதுவா மூடித் தொறந்தா தாயி! திரும்பவும் மூடித் தொறந்தா. அது சமாதானம். கல்லுல இருந்து எறங்குனா, இவ வாலும் ஒசந்துருச்சு. ரெண்டும் கிட்டத்துல வந்து மூக்கோட மூக்கு வச்சு மோந்துக்கிருச்சுக.

மேல சன்னல் வழியா எம் மகனும் அவளும் பாத்துட்டாங்க. "சுதா, இங்க பாரேன், இங்க பாரேன்"ங்குறான் அவன். ரெண்டு பேரும் சிரிக்கிறாங்க. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. பொய் சொல்லக்கூடாது, எரிஞ்சுச்சு. ஒம்பது வருசம் என் கையால தின்னவ, நேத்து வந்தவகிட்ட வாலைத் தூக்கிக்கிட்டுப் போறாளேன்னு. கையில இருந்த இரும்புக் கரண்டி தவறிக் கல்லுல விழுந்துருச்சு. பெரிய சத்தம். பூனைக்கு அந்நேரம் பயம் எங்கிட்டு இருந்து வந்துச்சுன்னு தெரியாது, எதுக்க இருக்குறதுதான் பயங்காட்டுச்சுன்னு நெனச்சுக்கிரும். கருப்பாயி ஒடம்பு ரெண்டு மடங்காப் பொடைச்சுக்கிருச்சு, முதுகை வில்லா வளைச்சுக்கிட்டு ஒரு எழும்பு எழும்பினா. எறங்கும்போது நகம் சிட்டு எடது கண்ணுக்குள்ள எறங்கிருச்சு. நான் போயிப் பிரிச்சு எடுக்குறதுக்குள்ள கண்ணு வெளிய வந்து தொங்குது.

மாட்டாசுபத்திரியில கண்ணை எடுத்துட்டுத் தச்சு விட்டாங்க. சுதா அதை மடியில வச்சுக்கிட்டு மூணு நாளு எந்திரிக்கலை. நாலாம் நாளு எங்கிட்ட வந்து, "கரண்டி விழுந்துச்சா, போட்டீங்களா அத்தை"ன்னா. எப்பிடி இருக்கு கேள்வி? வெங்காயம் அரிஞ்சுக்கிட்டு இருந்தேன், நிமிந்து பாத்தேன். எப்பவும் பாக்குறதுதான். அன்னிக்கு அவ போகலை. நின்னா. திருப்பி என்னையப் பாத்தா. நானும் பாக்குறேன், அவளும் பாக்குறா. கடைசில அடுப்புல சாம்பார் பொங்கிருச்சு, நான் எந்திரிக்க வேண்டியதாப் போச்சு.

அதுக்கப்பறம் அந்த ஒத்தக்கண்ணுப் பூனையும் மாறிப்போச்சு. செவத்தைப் பாக்குறதை விட்டுருச்சு. நேராப் பாக்கும். கண்ணு ஒண்ணுதான், ஆனாக்க இமைக்காது. கருப்பாயி ஒரு பக்கம், அது ஒரு பக்கம், வீடு பூராம் உர்ர்ருன்னு ஒரு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். இட்லி திங்க வாரவங்க "என்ன பேச்சியம்மா, உள்ள மோட்டாரு ஓடுதா"ம்பாங்க. எம் மகன் என்ன பண்ணான்ங்குற? வேற வீடு பாத்துருக்கான். "பூனைகளைப் பிரிச்சு வச்சாத்தாம்மா ரெண்டும் பொழைக்கும்"னான். பூனையவாடா பிரிக்கப் போறேன்னு கேட்டேன். அடுத்த மாசம் போறதாத் திட்டம். ஒத்தை மகன் தாயி. அவன் போயிட்டா அந்த வீட்டுல எனக்கு யாரு? நானும் ஒரு அரிசி மூட்டைன்னு கெடக்க வேண்டியதுதான்.

இன்னிக்குக் காலையில ஏழு மணி. கொப்பரையில மூணாவது ஈடு வெந்துக்கிட்டு இருக்கு. நான் எம் எடத்துல ஒக்காந்து சட்னிக்கு அரியிறேன். கருப்பாயி எனக்குப் பக்கத்துல. சுதா வந்தா, கூடவே அந்தப் பூனை. "கொஞ்சம் தள்ளுங்கத்தை"ன்னா. நான் அரிஞ்சுக்கிட்டே இருந்தேன். அரிஞ்சு முடிக்காம எப்பிடித் தள்ளுறது? ரெண்டாந்தரம் சொல்லலை. சேலையைத் தூக்கிச் சொருகினா, அருவாமனையைத் தாண்டிட்டா. என் கையி மேல, அருவா மேல, காலை வீசித் தாண்டி உள்ள போயி நிக்கிறா. சமைக்கிற வீட்டுல பொம்பளை அருவாமனையைத் தாண்டுவாளா? நீ தாண்டுவியா?

அவ பின்னாடியே சிட்டும் பாஞ்சுருச்சு. கருப்பாயி விடுவாளா. ரெண்டும் பல்லோட பல்லாக் கோத்துக்கிட்டு அடுப்படி பூராம் உருளுதுக. மாவுச் சட்டி கவுந்துச்சு. சிட்டு இந்தத் தடவை விட்டுக்குடுக்கலை, கருப்பாயி பிடரியைக் கவ்வி உதறுது. கருப்பாயி கத்துறா தாயி, அப்பிடி ஒரு கத்து நான் கேட்டதில்லை. அவ தோக்குறா. எனக்குப் பொறுக்கலை, கையை விட்டேன். கருப்பாயிதான் கடிச்சா. எம் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கடிச்சா, எலும்புல பல்லு படுறது தெரிஞ்சுச்சு. ரத்தம் முழங்கையில ஓடுது. பெறகு எனக்குக் கண்ணு மண்ணு தெரியலை. கொப்பரை மூடியைத் தள்ளுனேன், தண்ணிப் போணியை உள்ள விட்டுக் கொதிக்கிற தண்ணியை மோந்தேன், பூனைக மேல ஊத்துனேன். குறுக்க சுதா வந்துட்டா. தொடையில இருந்து பாதம் வரைக்கும். சேலையை எடுக்கும்போது தோலும் சேந்து வந்துச்சுன்னாங்க. அவ்வளவுதான் நடந்தது. பாக்க ஆளில்லை. எம் மகன் குளிக்கப் போயிருந்தான். அவளும் நானும்தான். அதனாலதான் சொல்றேன், அவ வாயில இருக்கு எல்லாம்.

இந்தா, எறங்கி வாரான். அந்தப் படியில வாரான் பாரு, ஊதாச் சட்டை. தனுஷ்கோடி! இங்கிட்டு வாடா, இங்க இருக்கேன். என்னடா ஆச்சு? ஜட்ஜய்யா போயிட்டாரா? அவ என்ன சொன்னா?

சத்தமாச் சொல்லு. கொப்பரையை எறக்கும்போது தானே கை தவறிக் கொட்டிக்கிட்டேன்னா சொன்னா? எம் பேரே எடுக்கலையா? கேட்டியா தாயி, கேட்டியா! நான் சொல்லலை, நல்ல பிள்ளைன்னு? எஞ் சாமி, அவளுக்கு என் கையாலயே கஞ்சி காச்சிக் கொண்டாந்து குடுக்கணும். பெறகு ஏன்டா நீ இப்பிடி நிக்கிற? ஒக்காரு. காலையில இருந்து ஒண்ணும் சாப்புட்டிருக்க மாட்டே.

நீயா? நீ என்ன சொன்னே?

நீ குளிக்கிற எடத்துல இருந்தேல்ல? கத்துற சத்தம் கேட்டு ஓடியாந்தியா. எப்ப வந்தே?

இந்தக் கூத்தைக் கேளு தாயி. அவ காட்டிக்குடுக்கலையாம். இவன் போயி ஜட்ஜுகிட்டச் சொல்லிட்டானாம். பெத்த மகன். நான் ஊத்தும்போது சண்டை முடிஞ்சு போச்சாம். கருப்பாயி மூட்டை மேல ஏறிட்டாளாம். சிட்டு சுதா மடியில இருந்துச்சாம், அவ தரையில ஒக்காந்து அதைத் துடைச்சுக்கிட்டு இருந்தாளாம். போணியைக் கையில வச்சுக்கிட்டு நான் திரும்பி இவனைப் பாத்தேனாம். பாத்துட்டுத்தான் ஊத்துனேனாம்.

இல்லைன்னு சொல்ல மாட்டேன் தாயி. பாத்தேன்.

ஆமாடா, பாத்தேன். கையைப் பூனை கொதறிப் போட்டிருக்கு, ரத்தம் தரையில சொட்டிக்கிட்டு இருக்கு, நீ ஈரத் துண்டோட வாசல்ல வந்து நிக்கிற. எங் கையைப் பாத்தே. பாத்தியா இல்லையா? வாயைத் தொறந்தே. என்னதான் சொல்லப் போறான்னு போணியைப் பிடிச்சபடியே நான் நின்னேன். எம்புட்டு நேரம் நின்னேன்னு எனக்கே தெரியலை. நீ "சுதா"ன்னே.

போறான் பாரு. திரும்பிப் பாக்காமப் போறான்.

வாரேன் போலீஸ்காரம்மா, தோளைத் தொடாதீங்க, நானே எந்திரிச்சுக்கிறேன். ஊசி பெறகு போட்டுக்கிறேன். எழுதிக்கங்க. நாந்தான் ஊத்துனேன்னு எழுதிக்கங்க. அதுக்கு முன்னாடி எம் மகன் யாரு பேரைக் கூப்புட்டான், அதையும் சேத்து எழுதிக்கங்க.